மலை சுற்றிய வேனும் மாமா தளர்த்திய நட்டும்

“வண்டிய நிறுத்தறீங்களா, நான் குதிக்கட்டுமா?”

கத்தியது நான்தான். கத்தியதோடு விடாமல் வேனின் பக்கக் கதவைத் தள்ளித் திறந்து ஒரு காலை வெளியே நீட்டியும் விட்டேன். மாமியார் என் முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அண்ணாமலையாரே, அம்சாவுக்கு இன்னா ஆச்சு!” என்று அலறினார். மடியில் வைத்திருந்த பூஜைப் பை கவிழ்ந்து எலுமிச்சம்பழங்கள் சீட்டுக்கடியில் ஓடின.

வேனை ஓட்டிக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். பக்கத்து சீட்டில் பட்டு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக என் மாமனார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடி அண்ணாமலைக்குக் கொஞ்சம் முன்னால், கிரிவலப் பாதையில் நடந்தது இது. காலை வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. வலப்பக்கம் மலை. இடது முன்சக்கரத்திலிருந்து ‘கடகட கடகட’ என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் என் வீட்டுக்காரர் கையில் நிற்காமல் ஆடியது.

கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகாத மருமகள் நான். அதுவரை மாமா எதிரில் குரலை உயர்த்தியதே கிடையாது. இப்போது என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள், அது வேறு விஷயம்.

வாசலில் ஆளில்லாத தீபாவளி

போன வாரம் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்தது திருவண்ணாமலை டவுன். வாழ்க்கைப்பட்டது கீழ்பென்னாத்தூர். பஸ் ஏறினால் காப்பி ஆறுவதற்குள் வந்துவிடும் தூரம். ஆனாலும் ஒன்றரை வருஷமாக நான் அப்பா வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அப்பா செங்கம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். ஒர்க்‌ஷாப் என்றால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். அதற்குப் பின்னாலேயே எங்கள் வீடு. நான் வளர்ந்தது கிரீஸ் வாசனையில். புது கிரீஸ் பழுப்பாகத் தேன் மாதிரி இருக்கும், பழையது கருஞ்சாந்து மாதிரி ஒட்டும். அப்பாவின் சட்டைகளை அம்மா மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துவைப்பார். அந்தச் சட்டை வாசனை வந்தால் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம்.

எங்கள் தலைதீபாவளிக்கு மாமா, மாமியார், மாப்பிள்ளை என்று எல்லோரும் புதுத்துணி கட்டிக்கொண்டு போய் இறங்கினோம். வாசலில் அப்பா இல்லை. ரோட்டில் ஒரு பஸ் சக்கரம் இறுகி நின்றுவிட்டது என்று விடியற்காலையிலேயே யாரோ வந்து கூட்டிப்போயிருந்தார்கள். அம்மா மட்டும் ஆரத்தித் தட்டோடு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அப்பா வந்தபோது இலை போட்டிருந்தது. முழங்கை வரை கறுப்பு. மாமா இலையிலிருந்து எழுந்துவிட்டார்.

“வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்ல ஒரு ஆம்பள இல்ல. இந்த வூட்ல எனக்கின்னா வேலை?”

அப்பா ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அவரோ, “பஸ்ஸுல இருந்தவங்களுக்கும் இன்னிக்கித்தான தீபாவளி, சம்மந்தி?” என்று கேட்டுவிட்டார். நியாயமான பேச்சுதான். ஆனால் எழுந்து நிற்கும் சம்மந்தியிடம் நியாயம் பேசினால் எடுபடுமா? வடை ஒன்றைக்கூடத் தொடாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார் மாமா.

அதோடு போக்குவரத்து நின்றது. அம்மா கையால் நாலு நாள் சாப்பிட்டு, வேப்பமரத்தடியில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்துக் கிடக்க வேண்டும் என்று எனக்கு அடித்துக்கொள்ளும். வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை. வீட்டுக்காரர் மூலமாக எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். மாமா ஒவ்வொரு தடவையும் “பாக்கலாம்” என்பார். எங்கள் பக்கம் ‘பாக்கலாம்’ என்றால் ‘நடக்காது’ என்று அர்த்தம்.

மாட்டு வண்டிக் கணக்கு

இந்த நிலையில்தான் வேன் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கலாம், பௌர்ணமிக்கு சவாரி அடிக்கலாம் என்று என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய வேன். வண்டி வீட்டுக்கு வந்ததும் மாமா சொன்ன முதல் வார்த்தை, “மொதல்ல மலைய ஒரு சுத்து சுத்திட்டு வந்துடணும்.” எங்கள் ஊர்களில் புது வண்டியோ பழைய வண்டியோ, கைக்கு வந்தால் அண்ணாமலையாருக்குக் காட்டிவிட்டுத்தான் தொழிலுக்கு விடுவோம்.

மாமாவுக்கு வண்டி என்றால் மாட்டு வண்டிதான். நெல்லும் மல்லாட்டையும் ஏற்றிச் சந்தைக்கு ஓட்டிய கை. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கடையாணியைத் தட்டிக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சில் மை தடவி மறுபடி மாட்டுவதை அவர் சாமிக்கு அலங்காரம் செய்வதுபோலச் செய்வார். மாட்டு வண்டிச் சக்கரம் அச்சில் இறுகி நிற்கக் கூடாது. உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் நகர வேண்டும். அப்போதுதான் மாட்டுக்கு இழுவை லேசாகும், சக்கரம் ‘கடக், கடக்’ என்று பேசும். அந்தப் பேச்சை வைத்தே வருவது யார் வண்டி என்று சொல்லிவிடுவார்.

கிரிவலத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம், மாலையும் பூசணிக்காயும் வாங்க என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போயிருந்தபோது, மாமா வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தார். அது என்ன என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இதென்ன துப்பறியும் தொடரா?

இடது முன்சக்கரத்தின் நடுவில் கிண்ணம்போல இருக்கும் மூடியை நெம்பிக் கழற்றினார். உள்ளே அச்சின் முனையில் ஒரு பெரிய நட்டு. அது தானாகக் கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு பின். ‘அட, இதுக்கும் கடையாணி வெச்சிருக்கான்’ என்று அவருக்குச் சந்தோஷம். நட்டு இறுக்கமாக இருப்பதைப் பார்த்து, ‘இப்டி முடுக்கி வெச்சா சக்கரம் எப்டி சுத்தும்?’ என்று தோன்றியிருக்கிறது. நட்டைத் தாராளமாகத் தளர்த்தினார். பழைய பின்னையே சுத்தியால் தட்டி நிமிர்த்தி மறுபடி செருகினார். மூடியை மூடி, அதன்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். வலது சக்கரத்துக்குப் போவதற்குள் மாடு கத்திவிட்டது, எழுந்து போய்விட்டார். மாட்டுக்குப் புண்ணியம்.

மூடிக்குள்ளே

போன மாதம் என் மகன் காரில் சென்னைக்குப் போனேன். முன்பக்கம் ‘உம்ம்’ என்று ஒரு முனகல். “டேய், வீல் பேரிங்டா” என்றேன். ரேடியோவைக் கூட்டினான். அப்புறம் கொண்டுபோய்க் காட்டியதில், “ஹப்போட மொத்தமா மாத்தணும்மா, பேரிங்க மட்டும் தனியா தொட முடியாதாம்” என்று வந்து சொன்னான். இப்போது எல்லாம் ஒரே உருண்டையாக சீல் வைத்து வருகிறது. நட்டும் ஒரே தடவைதான். உளியால் தட்டி, அதன் உதட்டைப் பள்ளத்தில் மடக்கிவிடுகிறார்கள், கதை முடிந்தது. நல்லதுதான். யார் மாமனாரும் உள்ளே கை வைக்க முடியாது.

அந்தக் கால வேன்களில் அப்படி இல்லை. சக்கரத்தின் நடுவில் ஹப். அதன் உள்பக்கம் ஒரு பெரிய பேரிங், வெளிப்பக்கம் ஒரு சின்ன பேரிங். இரண்டும் புனல் மாதிரி ஒரு பக்கம் சரிந்தவை. இரண்டையும் பிடித்து நிறுத்துவது அந்த ஒரே நட்டு. நட்டின் தலையில் கோட்டைச் சுவர்போல வெட்டு வெட்டாக இருக்கும். ஒரு வெட்டும் அச்சிலிருக்கும் ஓட்டையும் நேருக்கு நேர் வரும்போது பின்னைச் செருகி, அதன் இரண்டு காலையும் பிரித்து மடக்கிவிட வேண்டும்.

நட்டை ரொம்பவும் இறுக்கினால் பேரிங் சூடேறி நீலம் பூத்துப்போகும். ரொம்பவும் விட்டால் சக்கரம் ஆடும். ஒருமுறை மடக்கி நிமிர்த்திய பின்னை மறுபடி போட்டால் அது ஒடியும். ஒடிந்துவிட்டால் நட்டைத் தடுக்க ஆளில்லை, ஊர்வலம் கிளம்பிவிடும்.

எடமா போறதா?

ராஜகோபுரத்தின் எதிரில் கற்பூரம் ஏற்றினோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். வேன் கிளம்பியது. செங்கம் ரோட்டில் அப்பாவின் கொட்டகை வரப்போகிறது. ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். ஒரு லாரிச் சக்கரத்தின் முன்னால் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது. தாண்டிவிட்டோம்.

செங்கம் ரோட்டை விட்டு மலைப்பாதைக்கு வலப்பக்கம் திரும்பினோம். அந்தத் திருப்பத்தில்தான் சத்தம் ஆரம்பித்தது.

“ஏங்க, இடது பக்கம் பேரிங் சத்தம் கேக்குது. அப்பா ஒர்க்‌ஷாப் பின்னாலதான் இருக்குது. ஒரு நிமிஷம் திருப்பிப் போய்க் காட்டிட்டு வந்துடலாம்” என்று வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். அவரும் வேகத்தைக் குறைத்தார்.

“திருப்பறதா?” என்றார் மாமா. “ஆரம்பிச்ச சுத்த பாதியில வுட்டுட்டு, எடமா போறதா? மொத சுத்துடா இது! நேரா வுடு. சத்தம் வந்தா வரட்டும், வண்டி பேசுது.”

வலமாகத்தான் போக வேண்டும், மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இதில் எங்கள் ஊர்க்காரர்களை அசைக்க முடியாது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். டீக்கடைப் பெஞ்சில் கண்ணாடியை மறந்து வைத்துவிட்டு நாலு கடை தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. திரும்பி நடந்தால் ஒரு நிமிஷம். அந்த அக்காவோ மீதி மலையையும் சுற்றி, டவுனுக்குள் போய், மறுபடி அந்த டீக்கடைக்கு வந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டார். கேட்டால், “சாமிக்கு முதுகக் காட்டிட்டு கண்ணாடிக்கா ஓடறது?” என்பார்.

ஆகவே மாமா சொன்னதில் பக்தி இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் பாதிதான் பக்தி. மீதிப் பாதி, அந்தத் தகரக் கொட்டகை வாசலில் போய் நின்று ‘கொஞ்சம் பாருங்க சம்மந்தி’ என்று கேட்கக் கூடாது என்கிற வீம்பு. அது எனக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரர் பாவம், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

வழியில் லிங்கத்துக்கு லிங்கம் நிறுத்திக் கற்பூரம் காட்டினோம். ஓரிடத்தில் என் வீட்டுக்காரர் நைசாகக் குனிந்து சக்கர மூடியைத் தொட்டுவிட்டு விரலை உதறினார்.

“நைனா, சுடுது.”

“வெயில்ல நிக்கற இரும்பு சுடாம ஜில்லுனு இருக்குமா? ஏறுடா.”

ஏறினோம். சத்தம் ‘கடக்’கிலிருந்து ‘கடகட’வாக மாறியது. ஸ்டியரிங் ஆடத் தொடங்கியது. முன்னால் குடும்பம் குடும்பமாக நடந்து போகிறவர்கள். சக்கரம் கழன்றால் எங்களோடு போகாது, அவர்களில் யார்மேலாவது ஏறும். அதை நினைத்ததும்தான் எனக்கு மருமகள் மரியாதையெல்லாம் மறந்துபோய் ஒரு காலை வெளியே நீட்டினேன்.

“நிறுத்துடா” என்றார் மாமா. சக்கரத்துக்காக இல்லை. மருமகள் வேனிலிருந்து குதித்தாள் என்று நாளைக்கு நாலு பேர் பேசுவார்களே, அதற்காக.

சுத்துங்க சம்மந்தி

ஒரு புளியமரத்தடியில் நின்றோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மாமியார் எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இன்று வீட்டுக்குப் போனதும் என் கதி என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது.

அப்பா!

சட்டை முழுக்க வேர்வை. ஹேண்டில்பாரில் ஒரு துணிப்பை, பையிலிருந்து ஸ்பேனர் நீட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்க ஒரு நிமிஷம் நின்றார். என்னைப் பார்த்தார். நேராக இடது முன்சக்கரத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

“ஜாக்கி இருக்குதா, மாப்ள?”

ஜாக்கி போட்டுத் தூக்கியதும் சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டினார். ஆடு தலையாட்டுவதுபோல ஆடியது. குங்குமப் பொட்டு வைத்த மூடியை நெம்பினார். மூடியோடு சேர்ந்து நட்டும் அவர் உள்ளங்கையில் விழுந்தது. அது மரையை விட்டே வெளியே வந்துவிட்டிருந்தது. அந்தக் கிண்ண மூடி ஒன்றுதான் இவ்வளவு நேரம் சக்கரத்தைத் தாங்கியிருக்கிறது.

பின்னின் ஒடிந்த துண்டை விரலில் எடுத்துப் பார்த்தார் அப்பா. “யாரு தொட்டது இத?”

“நான்தான் மாமா…” என்று அப்பாவிடம் ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். அவருக்கு ஒன்றுமே தெரியாது. சண்டையைத் தன் தலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பொய்.

“நீ சும்மா இருடா” என்றார் மாமா. “நான்தான் தொட்டேன். டைட்டா இருந்துது, தளத்தி வுட்டேன்.”

ஒன்றரை வருஷமாக அப்பா மனசில் என்னென்ன இருந்ததோ! இந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லிவிட்டால் போதும், என் பிறந்த வீட்டு வழி அன்றோடு அடைந்துவிடும். ‘அப்பா, வாயத் தொறக்காதீங்க’ என்று உள்ளுக்குள்ளேயே கும்பிட்டேன்.

அப்பா நட்டைத் துணியால் துடைத்தார். “மாட்டு வண்டிக்கு இது சரிதான். எங்கப்பாவும் இப்டிதான் வுடுவாரு. இதுக்கு அவ்ளோ ஆட்டம் ஆவாது.” அப்புறம் நிமிர்ந்து பார்த்தார். “நட்ட முடுக்கறப்ப சக்கரம் சுத்திக்கினே இருக்கணும், அப்பதான் பேரிங் ஒக்காரும். எனக்கு ரெண்டு கைதான். சுத்துங்க, சம்மந்தி.”

மாமா அப்படியே நின்றார். மாமியார் முழங்கையால் அவரை இடித்தார். மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புழுதியில் உட்கார்ந்தார்.

“எந்தப் பக்கம் சுத்தணும்?”

“போற பக்கமே சுத்துங்க.”

அப்பா பேரிங்கை வழித்து, புது கிரீஸை விரலால் அழுத்தி அழுத்தி நிரப்பி மாட்டினார். மாமா சுற்றினார், அப்பா முடுக்கினார். நன்றாக இறுக்கியதும் அப்பா ஸ்பேனரை மறுபக்கம் திருப்பிக் கொஞ்சம் தளர்த்தினார். மாமா சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

“இன்னா, நீங்களும் தளத்தறீங்க?”

“கொஞ்சம் வுடணும். இல்லன்னா சுட்டுடும்.”

“அப்ப நான் வுட்டது சரிதான?”

“சரிதான். கொஞ்சம் ஜாஸ்தி வுட்டுட்டீங்க, சம்மந்தி.”

மாமியார்தான் முதலில் சிரித்தார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மலையைப் பார்த்தார். மாமாவின் மீசை ஒரு பக்கமாகக் கோணியது. அவர் சிரித்தால் அவ்வளவுதான் கோணும்.

அப்பா சட்டைப் பையிலிருந்து புதுப் பின் ஒன்றை எடுத்துச் செருகி, கால்களைப் பிரித்து மடக்கி, மூடியைத் தட்டினார். வலது சக்கரத்தையும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, “இது நல்லாருக்குது” என்றார். பிறகு ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தார்.

“சம்மந்தி” என்றார் மாமா. “இம்மாந்தூரம் சைக்கிள்ல வந்திருக்கீங்க. சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சிட்டீங்களா?”

அப்பா மரத்தில் சாய்த்திருந்த சைக்கிளை நிமிர்த்தினார்.

“சத்தம் எங்க கேட்டுது? திரும்பிப் பாத்தேன், ஜன்னல்ல அம்சா மூஞ்சி தெரிஞ்சிது. எப்ப பாத்தது அத! கைல இருந்தத அப்டியே பையில போட்டுக்கினு சைக்கிள எடுத்துட்டேன். எங்கியாவது நிப்பீங்க, தூரத்துல இருந்து இன்னொரு வாட்டி பாத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். சத்தம்லாம் அப்புறந்தான் காதுல வுழுந்துது.”

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். இன்று அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது, மறைப்பானேன்?

மாமா எழுந்தார். வேட்டியில் கிரீஸ், கையில் கிரீஸ். நேராகப் போய் அப்பாவின் சைக்கிளைத் தானே தூக்கினார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு பக்கம் பிடிக்க, வேன் மேலிருந்த கேரியரில் ஏற்றிக் கட்டினார்கள்.

“ஏறுங்க சம்மந்தி” என்றார் மாமா. பிறகு மகனிடம் சொன்னார். “சுத்த முடிச்சிக்கினு நேரா செங்கம் ரோட்டுக்கு வுடு. அம்சா அங்க எறங்கட்டும். எப்ப வரணும்னு அதுக்குத் தோணுதோ அப்ப வரட்டும்.”

“மாத்துப் பொடவகூட எடுத்தாரலியே அவ” என்றார் மாமியார்.

“ஏன், அவங்கம்மா பொடவ இல்லியா?”

அப்பா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கிரீஸ் பட்டுவிடும் என்று கையை மடியில் சுருக்கி வைத்துக்கொண்டார். நான் அந்தக் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். மீதி மலை முழுக்க விடவில்லை.